தனி ஆவர்த்தனக் காபி

இக்கதையைக் கேட்போர் முதலில் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் உள்ளே வந்தால் நடுவில் எழுந்து கேள்வி கேட்க நேரும், அது மற்றவர்களுக்கு இடையூறு.

முதலாவது, தனி ஆவர்த்தனம் என்பது. கச்சேரியில் பெரிய கீர்த்தனையைப் பாடி முடித்த பாடகர் தொண்டையை நனைத்துக்கொள்ளும் பொருட்டு ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கம் வாசிப்பவரும், அவருக்குத் துணையாகக் கடம் என்னும் மண்பானையை மடியில் வைத்து வாசிப்பவரும் தாளத்தை மட்டுமே மாறி மாறி வாசித்துக் காட்டும் பகுதி அது. அது தொடங்கிய கணத்தில் அரங்கிலுள்ளோர் எழுந்து கேன்டீனுக்குச் சென்று, காபி குடித்து, அது முடியும் தறுவாயில் திரும்பி வந்து, வாசித்தவரின் திறமையை வியந்து கைதட்டுவது சென்னையின் நெடுநாளைய வழக்கம். இதை யாரும் சட்டமாக எழுதவில்லை; ஆகவே யாரும் மீறியதுமில்லை. முதலில் வாசிக்கும் மிருதங்கக்காரருக்காவது எழுந்து போகிறவர்களின் முதுகுகள் கிடைக்கும். அடுத்து வாசிக்கும் கடத்துக்குக் கிடைப்பவை நாற்காலிகள்.

இரண்டாவது, சுநாத விலாச சபையின் வாயில். அங்கே நின்ற காவலர்கள், வருவோர் பைகளிலிருந்த தண்ணீர் பாட்டில்களையும் பிளாஸ்க்குகளையும் வாங்கி, வாயிலோரத்துக் குரோட்டன்ஸ் செடியின் அடியில் கவிழ்த்துவிட்டு, வெற்றுப் பாத்திரங்களை வணக்கத்துடன் திருப்பித் தந்தனர். அரங்கின் தரைவிரிப்பைக் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. கேன்டீனில் வாங்கிய தண்ணீர் தரைவிரிப்பில் சிந்தாது என்பது அதன் உட்பொருள். செடி மட்டும், வீட்டுக் காபியும் கொதித்தாறிய நீரும் சுக்குக் கஷாயமும் குடித்துக் குடித்து, சபையின் முதல் மாடியைத் தொட்டிருந்தது.

மூன்றாவது, விலை. ஒரு கோப்பைக் காபியின் விலை (கோப்பை என்பது மரியாதைக்காகச் சொல்வது, உண்மையில் கட்டைவிரல் உயரக் காகிதக் குவளை) ஆண்டுதோறும் ஏறி, இந்த மார்கழியில் இருநூற்றைம்பது ரூபாயில் வந்து நின்றது. கேன்டீன் நடத்தியவர் சபை வாங்கும் வாடகையைக் காரணம் காட்டினார். சபை கலைஞர்களின் சன்மானத்தைக் காரணம் காட்டியது. கலைஞர்களின் சன்மானம் சால்வையும் தேங்காயுமாக முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வோர் ஏற்றத்தின்போதும், சற்றே பிசகிய ஸ்வரத்தைக் கேட்டவர்கள்போல அரங்கத்தார் முகம் சுளித்தனர், பிறகு தலையசைத்தனர்.

இறுதியாக, மரகதவல்லி. கடம் வாசிப்பவர், திருச்சியில் பிறந்து திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர். பல மார்கழிகளாக அந்த மேடையின் ஓரத்தில் அமர்ந்து நாற்காலிகளுக்கு வாசித்தவர். அவர் விரும்பியது ஒன்றே: தம் முறை வரும்போது, ஒரே ஒரு மாலையேனும், யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். விருது வேண்டும் என்று விரும்பியிருந்தால் எளிதில் கிடைத்திருக்கும்.

இனிக் கதை.

மார்கழியின் நடுவில், ரங்கபாஷ்யம் என்னும் புகழ்பெற்ற பாடகர் பாடிய மாலையில், பெரிய கீர்த்தனை முடிந்து மிருதங்க வித்துவான் பஞ்சாபகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, அரங்கம் வழக்கம்போல எழுந்தது. எழுந்து, புடவைத் தலைப்பையும் வேட்டி மடிப்பையும் சரிசெய்துகொண்டு, இருநூற்றைம்பது ரூபாயை நினைத்தது. நினைத்து, முழங்கால் வலி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, திரும்ப உட்கார்ந்தது. முன்வரிசை உட்கார்ந்ததைப் பார்த்து நடுவரிசை உட்கார்ந்தது. நடுவரிசை உட்கார்ந்ததைப் பார்த்து மாடி உட்கார்ந்தது. வறண்ட தொண்டைகளோடும் வெற்றுப் பிளாஸ்க்குகளோடும், காபியைத் தவிர வேறொன்றையும் நினையாமல், அத்தனை பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

தம் முறை வந்ததும் மரகதவல்லி தலை நிமிர்ந்தார். நாற்காலிகளில் மனிதர்கள் இருந்தனர். அவர் அதுவரை யாருக்கும் வாசித்துக் காட்டாத ஒரு கோர்வையை (சுற்றுச் சுற்றாக வாசித்து முடிக்கும் தாளக் கோப்பு அது), இத்தகைய நாளுக்கென்றே வைத்திருந்ததை, எடுத்தார். முதல் சுற்றில் பானை வெண்கலம்போல ஒலித்தது. இரண்டாம் சுற்றில் அதன் குரல் சற்று இறங்கியது. மூன்றாம் சுற்றில், ஈரத்துணியைக் கல்லில் அடிக்கும் ஓசை வந்தது, மடி சுட்டது, வயிற்றோடு அணைத்திருந்த பானையின் வாயை அவர் மேல்நோக்கித் திருப்பியபோது, விளிம்பு வரை நுரை நின்றது. நரம்பு அறுந்த வீணைக்காரர் எப்படி நிறுத்தமாட்டாரோ அப்படியே அவரும் நிறுத்தாமல், பொத் பொத்தென்று தம் முறையை வாசித்து முடித்தார்.

பஞ்சாபகேசன் சாய்ந்து, "என்னம்மா, ஸ்ருதி இறங்கிப் போச்சு?" என்றார்.

"காபி வந்திருக்கு, அண்ணா."

"சர்க்கரை போட்டதா?"

"பார்க்கலை, அண்ணா."

முன்வரிசையில் பத்தாண்டுகளாக ஒரே நாற்காலியில் அமரும் செண்பகா மாமிக்கு மணம் முதலில் எட்டியது. அவர் மேடையேறி, வாயிலில் காலிசெய்யப்பட்ட தம் பிளாஸ்க்கின் மூடியைப் பானைக்குள் விட்டு மொண்டு, ஊதிக் குடித்து, கண்ணை மூடி, அரங்கம் மூச்சடக்கிக் காத்திருக்கத் தம் முடிவைச் சொன்னார்:

"டிகாக்‌ஷன் ஒரு சுற்றுத் தூக்கல். ஆனா சிக்கரி கலக்கலை."

அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அரங்கம் வரிசையாக மேடையேறியது. பானை மொள்ள மொள்ளக் குறையவில்லை. ரங்கபாஷ்யம் கீர்த்தனையின் பல்லவியை மறுபடி எடுத்துக் கச்சேரியைத் தொடர வாய் திறந்து, திறந்த வாயோடு சிறிது நேரம் காத்திருந்து, கடைசியில் தாமும் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நாளேட்டில் வந்த விமர்சனம், கச்சேரியின் தொடக்கம் விறுவிறுப்பாகவும், நடுப்பகுதி கனமாகவும், கடம் சூடாகவும் இருந்ததாகக் குறிப்பிட்டது. அதற்கடுத்த நாள் கூட்டம் இரட்டிப்பாயிற்று. சில நாள்களுக்குள், எந்தத் தாளம் என்ன காபி தரும் என்பதை அரங்கம் ஐயமின்றி வகுத்துவிட்டது: ஆதி தாளம் என்றால் நடுத்தரம், மிச்ர சாபு என்றால் பால் குறைவு, கண்ட சாபு என்றால் கருப்பட்டி. ரூபக தாளத்தில் கீர்த்தனை தொடங்கினால் சர்க்கரை நோயுள்ளவர்கள் மகிழ்ந்தனர். பஞ்சாபகேசனுக்கு வீட்டுக்குப் போன் செய்து, "நாளைக்கு என் சம்பந்தி வரார், கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஒரு தாளமாப் பார்த்து வாசிங்கோ" என்று கேட்டுக்கொண்டவர்களும் உண்டு. காலைக் கருத்தரங்கில் ஓர் அறிஞர், பழைய இலக்கண நூல்களில் பால் சொரியும் கடம் பற்றிய குறிப்பு இருக்கக்கூடும் என்றார். மற்றோர் அறிஞர், இருந்தாலும் அது பசும்பாலாகத்தான் இருக்கும் என்று மறுத்தார். இருவருக்கும் சால்வை போர்த்தப்பட்டது. பானை மண்ணிலிருந்து காபி எப்படி வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வந்துகொண்டிருக்கும் காபியிடம் காரணம் கேட்பது பண்பாடன்று.

வழக்கமும் தன்னைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டது. அரங்கத்தார் இப்போது பாட்டு நடக்கும்போது வெளியே சென்று, குரோட்டன்ஸ் செடியின் நிழலில் நின்று பிள்ளைகளின் விசா பற்றிப் பேசிவிட்டு, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் டம்ளர்களோடு ஓடி வந்து உட்கார்ந்தனர். கடத்தின் முறை வரும்போது சபையில் ஒரு நாற்காலியும் காலியாயிராது. மரகதவல்லி அத்தனை ஆண்டுகள் விரும்பியது விரும்பியபடியே கிடைத்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் கேட்கவில்லை என்பதைத் தவிர. கோர்வை முதல் சுற்றைத் தாண்டுமுன் பானை நிரம்பிவிடும். பொத் பொத்தென்னும் ஓசைக்கு மேலே, "போதும்மா, முடிங்கோ, ஆறிடப் போறது" என்று கனிவான குரல்கள் எழும். அவர் வேறு பானைகளைக் கொண்டுவந்து பார்த்தார். எல்லாப் பானைகளும் நிரம்பின.

சபை இதை விரைவிலேயே ஒழுங்குபடுத்தியது. செயலர் சௌரிராஜன், சுத்தம் கருதி, வீட்டு டம்ளர்களை வாயிலிலேயே வாங்கி வைக்கச் செய்தார். கட்டைவிரல் உயரக் காகிதக் குவளைகளை மேடைப்படியருகே விற்பனைக்கு வைத்தார். குவளையின் விலை இருநூற்று நாற்பது. காபி இலவசமே என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கேன்டீனைவிடப் பத்து ரூபாய் குறைவு என்பதால், செண்பகா மாமி அதை நியாயமென்றார். அரங்கம் முகம் சுளித்தது, பிறகு தலையசைத்தது.

ரங்கபாஷ்யம் மட்டும் தலையசைக்கவில்லை. காலி நாற்காலிகளுக்குப் பாடுவது அவருக்குப் புதிது. கடம் இருக்கும் மேடையில் இனிப் பாடுவதில்லை என்று அவர் சொல்லியனுப்ப, மற்றப் பாடகர்களும் அதையே வழிமொழிந்தனர். சௌரிராஜன் ஒரு பிற்பகலில் மரகதவல்லியைத் தம் அறைக்கு அழைத்து, தாமே மின்விசிறியைப் போட்டார்.

"குழுவிலே பேசி முடிச்சுட்டோம்மா. அடுத்த வருஷத்திலேர்ந்து உங்களை மேடையிலே உட்கார வெச்சுக் கஷ்டப்படுத்தப் போறதில்லை. கேன்டீன்லயே ஒரு சின்ன மேடை. மெத்தை உண்டு. சீசன் பூரா நீங்கதான்."

"மைக், சார்?"

"காபிக்கு மைக் எதுக்கும்மா?"

"அழைப்பிதழ்ல என் பேர் வருமா?"

"வராம? சிற்றுண்டி வகைன்னு கடைசிப் பக்கம் இருக்கே, அதிலே முதல் பேரே உங்க பேர்தான்."

"நான் ஒத்துக்கலைன்னா?"

சௌரிராஜன் மின்விசிறியைப் பார்த்தார். "பெரிய பாடகாள்லாம் உங்களை வேண்டாங்கறா. நான் என்னம்மா பண்ணுவேன்? நிறைவு நாள் கச்சேரி ஒண்ணுதான் பாக்கி. யோசிச்சுச் சொல்லுங்கோ."

மரகதவல்லி யோசித்தார். இரண்டு செய்திகளை அவர் முன்பே கவனித்திருந்தார். வீட்டில் பயிற்சி செய்யும்போது அதே பானை ஒரு சொட்டும் ஊறாமல், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும் அளவுக்கு ஒலித்தது. தெருமுனைப் பெருமாள் கோயில் பஜனையில், வாளி வாளியாகச் சுக்குக்காபி கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், மணிபோல ஒலித்தது. இரண்டு இடத்திலும் காபிக்கு ஏங்கி உட்கார்ந்திருந்தவர் எவருமில்லை. அவர் செயலர் அறையிலிருந்து நேரே கேன்டீனுக்குப் போனார்.

கேன்டீனில் ஈ இருந்தது, ஆள் இல்லை. நடத்தியவர் பழனிவேல், தோளில் துண்டுடன், தம் கடையிலேயே விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா வாங்க. போட்டிக் கடைக்காரங்களே நேர்ல வந்துட்டீங்க."

"கோபமா, அண்ணே?"

"கோபப்பட்டு? உங்க சரக்கைக் குடிச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. என்ன, நுரை கொஞ்சம் அலட்டல்."

"ஒரு காபியை என்ன விலைக்கு வித்தா உங்களுக்குக் கட்டும்?"

"இருபதுக்கு வித்தாலே கட்டும். மீதியெல்லாம் இந்தச் சுவத்துக்கு." சுவரைத் தட்டினார். "தங்கத்துல கட்டியிருக்காங்க போல. நாம கண்டுபிடிக்கலை."

தோள் துண்டை எடுத்து ஈயை விரட்டிவிட்டு அவரே தொடர்ந்தார். "ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இத்தனை வருஷமா இங்க கடை போடுறேன், உங்க வாசிப்பை ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நீங்க வாசிக்கும்போதுதானே எனக்குக் கூட்டம்? சுவத்துக்கு அந்தாண்ட உங்க பானை டொக்குன்னா, இந்தாண்ட நாங்க ரெண்டாவது பாலை அடுப்புல ஏத்துவோம். அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்ச சங்கீதம்."

மரகதவல்லி சிரிக்கவில்லை. திரும்பிச் சென்று சௌரிராஜனிடம் சொன்னார்:

"நீங்க சொன்னபடி அடுத்த வருஷம் கேன்டீன்ல உட்காருறேன், சார். நிறைவு நாள் மட்டும் மேடையில வாசிச்சுடுறேன். அன்னைக்கு ஒருநாள் கேன்டீன்ல காபியை இருபது ரூபாய்க்குக் கொடுக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"இருபதா?" சௌரிராஜன் மனமார மகிழ்ந்தார். "மேடையிலே இவ்வளவு நல்ல காபி இருக்கறச்சே எவன் எழுந்து போப்போறான்? தாராளமா வெச்சுக்கோங்கோ. பத்திரிகைக்கும் சொல்லிடலாம், சபையோட சமூகத் தொண்டுன்னு." ரங்கபாஷ்யத்தையும், கடைசி முறை என்று சொல்லி, அவரே சம்மதிக்க வைத்தார்.

நிறைவு நாள் மாலை, கேன்டீன் வாசலில் பலகை தொங்கியது. பாட்டின் நடுவே வெளியே நின்றிருந்தவர்கள் அதை முதலில் கண்டனர். கண்டவர் உள்ளே வந்து மனைவியின் காதில் சொல்ல, மனைவி அடுத்த நாற்காலிக்குச் சொல்ல, இருபது, இருபது என்னும் முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னே சென்று, மாடிப்படியேறி, மாடியின் கடைசி வரிசையைத் தொட்டுத் திரும்பியது. பஞ்சாபகேசன் தனி ஆவர்த்தனத்தின் முதல் சொல்லை வாசித்தார். அரங்கம் எழுந்தது, எழுந்து, புடவைத் தலைப்பையும் வேட்டி மடிப்பையும் சரிசெய்துகொண்டு, இருபது ரூபாயை நினைத்தது, நினைத்து, முழங்கால் வலி சிறிதுமின்றி, முன்னோர் எழுந்து போனபடியே எழுந்து போயிற்று. செண்பகா மாமி போனார். ஒழுங்கைப் பார்த்துக்கொள்வதற்காகச் சௌரிராஜன் போனார். ரங்கபாஷ்யமும், பழக்கம் யாரை விட்டது, மேடையின் பின்வழியாகப் போனார்.

மரகதவல்லி நாற்காலிகளைப் பார்த்தார். அவை அவருக்குப் பழக்கமானவை. இதற்குத்தான் இருபது ரூபாய் என்று பலகை எழுதச் சொன்னோம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டும் கண் கலங்கியது. நிரம்பிய அரங்கில் ஊமைப் பானை, ஒலிக்கும் பானைக்கு வெற்று அரங்கு என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவர் எடுக்க முடிந்தது, எடுத்துவிட்டார். பானையின் வாயை வயிற்றோடு அணைத்து, அந்தக் கோர்வையை எடுத்தார்.

முதல் சுற்றில் பானை வெண்கலம்போல ஒலித்தது. இரண்டாம் சுற்றிலும் ஒலித்தது. மூன்றாம் சுற்றில் பஞ்சாபகேசன் தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

சுவருக்கு அப்பால், அந்த ஓசை கேட்டதும், கேன்டீன் ஆட்கள் இரண்டாவது பாலை அடுப்பில் ஏற்றினர். பழனிவேல் கரண்டியைக் கையில் பிடித்தபடி, "பார்த்துக்கங்கடா" என்றார்.

"அண்ணே, கூட்டம் எகிறுது."

"இருபது ரூபாய்க் கூட்டந்தானே. நிக்கும்."

அவர் பக்கக் கதவைத் திறந்து அரங்குக்குள் வந்தார். சுவரோரம் நின்றார். பிறகு, நிற்பது முறையன்று என்று தோன்றவே, முன்வரிசைக்குப் போய், செண்பகா மாமியின் நாற்காலியைத் துண்டால் ஒருமுறை தட்டிவிட்டு, அதில் உட்கார்ந்தார். கரண்டி மடியில் இருந்தது. மரகதவல்லி அவரைப் பார்த்தார். நான்காம் சுற்றை, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல், ஐந்தாம் சுற்றுக்குக் கொண்டுபோனார். அப்பால் பால் பொங்கும் வாசனை வந்தது; பொங்கி வழிந்து தீயும் வாசனை வந்தது; பழனிவேல் எழவில்லை.

முடியும் தறுவாயில் அரங்கம் திரும்பி வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, உரக்கக் கைதட்டியது. "இன்னிக்குத் தனி அமோகம்" என்றார் செண்பகா மாமி. பிறகுதான் தம் நாற்காலியில் ஆள் இருப்பதைக் கண்டார். "ஏம்ப்பா, இது ரிசர்வ்டு."

"தெரியும் மாமி. எழுந்துக்கிறேன்." பழனிவேல் எழுந்து, அடுப்பை நோக்கி நடந்தார்.

மேடைக் காபியையும் ஒரு வாய் பார்த்துவிடலாம் என்று படியேறியவர்களுக்கு மரகதவல்லி பானையைக் கவிழ்த்துக் காட்டினார். சிறிது மண் உதிர்ந்தது.

பின்னர் முடிவான செய்திகள் வருமாறு:

பானையின் சக்தி தீர்ந்துவிட்டதென்று குழு முடிவுசெய்து, கேன்டீன் மேடை ஏற்பாட்டைக் கைவிட்டது. விலையையும் பானையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

காபி மறுநாளே பழைய விலைக்குத் திரும்பியது. அடுத்த மார்கழிக்கு முந்நூறு ரூபாய் என்று அறிவிக்கப்பட்டபோது, அரங்கம் முகம் சுளித்தது; பிறகு தலையசைத்தது.

பாலைத் தீய விட்டதற்காகப் பழனிவேலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் அதைப் பற்றி வருந்தியதாகத் தெரியவில்லை. மந்தைவெளியில் தனிக் கடை வைத்திருக்கிறார்; அங்கே காபி இருபது ரூபாய்.

வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரத் தடையுள்ள அரங்குகளில் மரகதவல்லி வாசிப்பதில்லை. ஆகையால் அவருக்குக் கச்சேரிகள் குறைவு.

மேடையில் வந்த காபியைப் பற்றிய செண்பகா மாமியின் முடிவில், அதாவது டிகாக்‌ஷன் ஒரு சுற்றுத் தூக்கல் என்பதில், மாற்றமில்லை.

குரோட்டன்ஸ் செடி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது.

சுநாத விலாச சபையில், ஒரு மாலை, ஒருவர் உட்கார்ந்து தனி ஆவர்த்தனம் கேட்டார்.